ரெஜினா மிஸ்ஸின் புன்னங்கொட்டைத் தட்டு

செய்தி வந்த நேரத்தில் நான் ரெஜினாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை, ஆண்டு விழா அலங்கார வேலைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். எனக்கு வேண்டிய வண்ணத்தாள் எல்லாம் எல்.கே.ஜி. அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவியை வழக்கம்போல அவள் கைப்பையோடு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பில், "சாவிய என்ன கழுத்துல கட்டிக்கிட்டா திரியுற?" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம், "டீச்சர், நான் ஆரோக்கியம் பேசுறேன்" என்றார் அவள் வீட்டுக்காரர். "விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா. கார்ல ஏத்தி நாகப்பட்டினம் போனோம். வழியிலேயே போயிட்டா டீச்சர்." போனை வைத்துவிட்டு அந்த அலமாரிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன், இழுத்தால் திறந்துகொள்ளும் என்பதுபோல.

இந்த மாதிரி எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர்களும் மரியாதையான ஒரு கட்டுரையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு வரமாட்டேன் என்கிறது. 'ரெஜினா மிஸ் அவர்கள்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. நான் யு.கே.ஜி., அவள் எல்.கே.ஜி. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாத தடுப்பு. அவள் வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் என் வகுப்பில் கேட்கும். அவள் குரலைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்திப் பழகிய எனக்கு அவள் அவள்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை என்னால் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஒரு பத்தி எழுதினால் எழுந்து போய் அடுப்பைத் துடைக்கிறேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைக்கிறேன். கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன். உட்காரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்ப வந்து உட்காருகிறேன். அவள் போன நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

துக்க வீட்டிலும் இதே கதைதான். பெண்களெல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. பின்கட்டுக்குப் போய் காபி டம்ளர் கழுவினேன். நாற்காலியைத் தூக்கிப் பந்தலுக்கு அந்தப் பக்கம் போட்டேன், பிறகு இந்தப் பக்கம் போட்டேன். அப்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ரெஜினா வகுப்பில் படிக்கும் ரெட்டைப் பிள்ளைகள் யாழினி, இனியா இருவரின் அம்மா, செல்வி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இனியா விஷயம் இனிமே என்னங்க ஆகும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிணத்தை இன்னும் எடுக்கவில்லை, கேட்கிற நேரமா இது என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அன்றைக்கு அந்த வீட்டில் ரெஜினாவின் காதில் விழுந்திருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். மற்றவர்களெல்லாம் அவள் எவ்வளவு நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டால் அவள் எழுந்து போயிருப்பாள்.

இனியா விஷயம் என்ன என்பதைச் சொல்கிறேன். ரெட்டையரில் ஒருத்தியை யு.கே.ஜி.க்கு அனுப்புவது, இன்னொருத்தியை எல்.கே.ஜி.யிலேயே இன்னொரு வருஷம் நிறுத்துவது என்று நம் தாளாளர் முடிவு செய்திருந்தார். ரெஜினா சண்டை போட்டு, கடைசியாக ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று ஒத்துக்கொள்ள வைத்திருந்தாள். அந்த நாள் வரும் முன்னால் அவள் போய்விட்டாள். கேள்வி என் தலையில் வந்து விழுந்தது.

அந்தச் சண்டை புரிய வேண்டுமென்றால் ரெஜினா கணக்குச் சொல்லிக்கொடுத்த விதம் தெரிய வேண்டும். உங்களில் பாதிப் பேர் அவளிடம் பிள்ளையை விட்டவர்கள். 'என்ன மிஸ், பக்கத்து ஸ்கூல்ல நூறு வரைக்கும் எழுதுதுங்க, இங்க இன்னும் கொட்டைய வச்சு விளையாடுதுங்க' என்று வாசலில் நின்று கேட்டவர்களும் உங்களில் உண்டு. அவள் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. "ஒப்பிச்சா அது பாட்டுங்க. பாட்டும் வேணும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா அது கணக்கு இல்ல" என்பாள். நம்பாதவர்களுக்கு அங்கேயே செய்து காட்டுவாள்.

அப்படி ஒரு நாள் ஒரு அப்பா தன் மகனை நிறுத்தி ஒன் டு ஹண்ட்ரட் சொல்ல வைத்தார். பையன் மூச்சு விடாமல் சொன்னான். ரெஜினா கை தட்டினாள், நிஜமாகவே மகிழ்ச்சியாகத் தட்டினாள். பிறகு பாயில் உட்கார்ந்திருந்த நாலு பிள்ளைகளைக் காட்டி, "தம்பி, இவங்களுக்குத் தண்ணி குடிக்க டம்ளர் கொண்டு வா" என்றாள். அவன் ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ள முடிந்த அளவுக்கு அள்ளிக்கொண்டு வந்தான். பாதி வழியில் இரண்டு கீழே விழுந்து உருண்டன. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரெஜினா அவர் பக்கமே பார்க்கவில்லை. பையனிடம், "ஆளுக்கு ஒண்ணு குடு" என்றாள். கொடுத்தான். "மிச்சம் இருக்கா?" இருந்தது. "மிச்சத்தக் கொண்டுபோய் வச்சிரு." அவ்வளவுதான் அன்றைய பாடம். அடுத்த வாரம் அந்தப் பையன் சரியாக நாலு டம்ளரோடு வந்தபோது மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கும் கை தட்டத் தோன்றியது.

மிச்சம். பத்தல. சரியா போச்சு. எல்.கே.ஜி. முதல் பாதி வருஷத்துக்கு அவளுடைய கணக்குப் பாடமே இந்த மூன்று வார்த்தைதான். பாயில் பிள்ளைகளை உட்கார வைத்து சிரட்டைகளைப் பரப்புவாள். ஒவ்வொரு சிரட்டைக்கும் ஒரு கொட்டை. பத்துச்சா? பத்தல. இன்னும் எத்தனை வேணும்? இப்ப? மிச்சம். நாளெல்லாம் தடுப்பைத் தாண்டி இதுதான் கேட்கும். எனக்குத் தலைவலி வந்த நாள்களும் உண்டு. "ஒண்ணும் ரெண்டும் எப்பத்தான் எழுதச் சொல்லித் தருவ?" என்று கேட்டால், "எண்ணோட பேர் என்ன ஓடியா போயிரும்? ஆளு மொதல்ல பழகட்டும், பேர அப்புறம் சொல்லிக்கலாம்" என்பாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் பிள்ளைகளின் ஈரத்துண்டு காயும். அவள் பாயில் முழங்காலிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தவழ்ந்துகொண்டிருப்பாள். சாயங்காலம் சேலையின் முழங்கால் இடம் கறுத்துப் போயிருக்கும்.

முதலில் புளியங்கொட்டைதான் வைத்திருந்தாள். அதில் எங்களுக்குள் பெரிய சண்டை. வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும் என்று நான் சொன்னேன். "போடாது, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள். போட்டுக்கொண்டது. பிள்ளை கண்ணில் தண்ணீர் முட்ட நிற்கிறது, ஆயா மாதாவே மாதாவே என்று கத்துகிறார், நான் ஆட்டோவுக்கு ஓடுகிறேன். ரெஜினா பிள்ளையை மடியில் வைத்து மறு மூக்கை விரலால் அடைத்து, "சாமிக்குக் கேக்குற மாதிரி சிந்து பாப்போம்" என்றாள். கொட்டை தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் அங்கேயே நின்று அவளைக் கிழி கிழி என்று கிழித்தேன். அவள் அந்தக் கொட்டையை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி டப்பாவில் போட்டாள். "என்னடி பண்ற, தூக்கி எறி!" என்றேன். "எறிஞ்சா ஒண்ணு குறையும்" என்றாள். சிரிப்பு வந்து திட்டக்கூட முடியவில்லை.

ஆனால் அடுத்த நாள் புளியங்கொட்டை டப்பா மறைந்துவிட்டது. கோயில் வளாகத்துப் புன்னை மரத்தடியில் பொறுக்கிய புன்னங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். கோலிக்குண்டு அளவு, உருண்டையாக. ஒன்றை எடுத்து என் மூக்கில் வைத்து அழுத்தி, "நுழையுதா? நுழையலல்ல? போ, போயி உன் வேலையப் பாரு" என்றாள்.

அந்தப் புன்னங்கொட்டையில்தான் தினமும் வருகைப்பதிவு. இதை உங்களில் பலர் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது பார்த்திருப்பீர்கள். வாசலில் ஸ்டூல் மேல் ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அவள் கல்யாணத்துக்கு வந்த தாம்பாளம். அதில் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வீதம் கொட்டை. உள்ளே வருகிற பிள்ளை ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பானையில் போட வேண்டும். மணி அடித்ததும் தட்டைப் பார்த்தால் மிச்சம் எத்தனையோ, அத்தனை பேர் வரவில்லை. யார் யார் என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். தட்டில் தனக்கும் ஒன்று வைப்பாள். எல்லாரும் போட்ட பிறகு கடைசியாக அவள் எடுத்துப் போடுவாள். "நானும் இந்தக் கிளாஸ்தான?" என்பாள். மறுநாளைக்கு வேண்டிய கொட்டையை முந்தின சாயங்காலமே தட்டில் எண்ணி வைத்துவிட்டுப் போவாள், வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாலையெல்லாம் தண்ணீர் நின்று பஸ் தாமதமாகி அவள் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது பிள்ளைகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "என்னடா பண்றீங்க?" என்றேன். "எங்க மிஸ் இன்னும் மிச்சம் இருக்காங்க" என்றது ஒரு பிள்ளை. நனைந்து சொட்டச் சொட்ட வந்தவளிடம் நான் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இனி இனியாவுக்கு வருகிறேன். ரெட்டையரில் யாழினி வாய்த்துடுக்கு. இனியா பேசவே யோசிப்பாள், அப்பாவின் பிள்ளை. அவர் குத்தகைக்கு நிலம் பிடித்து நடவு செய்கிறவர். கதிர் அறுக்க இப்போது மெஷின் வந்துவிட்டது, நெல்லும் மூட்டையாகி எடை போட்டுப் போகிறது. ஆனாலும் வீட்டுச் சாப்பாட்டு நெல்லை அவர் மரக்காலால்தான் அளந்து கொட்டுவார். இனியா பக்கத்திலேயே குந்திக்கொண்டு பார்ப்பாள். நம் பக்கத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அளவு மங்கலமாகத் தொடங்க 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். இனியா எண்ணக் கற்றது அந்த நெல் குவியலின் ஓரத்தில்.

பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார்கள். யாழினி இங்கிலீஷில் ஐம்பது வரை பொரிந்து தள்ளினாள். அடுத்து இனியா. மேஜையில் பென்சில்களை வைத்து, எண்ணச் சொன்னார் தாளாளர். அவள் ஒவ்வொரு பென்சிலாகத் தொட்டு, "லாபம், ரெண்டு, மூணு..." என்றாள். தாளாளர் வெடித்துச் சிரித்துவிட்டார். "அட, நெல்லு அளக்குது பாருங்கய்யா!" என்றார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். அவருடைய வீட்டிலும் அப்படித்தான் அளந்திருப்பார்கள். ஆனால் அவர் சிரித்ததும் கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். யாழினியும் சிரித்தாள். இனியா நடுவில் கையை எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வாயிலிருந்து ஒரு எண்ணும் வரவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொள்ளும். கூட்டம் முடிந்ததும் தாளாளர், "சின்னது இன்னொரு வருஷம் இருக்கட்டும்மா, பின்னாடி கஷ்டப்படாம இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

செல்வி மறுநாள் வந்து நின்றது கண்ணில் நிற்கிறது. "ரெட்டைப் பிள்ளைங்கள்ல ஒண்ண மேல அனுப்பி ஒண்ணக் கீழ உக்கார வச்சா ஊரு என்னங்க மிஸ் சொல்லும்? இவளுக்கு மூளை இல்லன்னு பேர் கட்டிருவாங்க. நாள் பூரா அக்காக்காரியப் பாத்துப் பாத்தே இவ குறுகிப் போயிருவா." ரெஜினா கடைசி வரை கேட்டாள். பிறகு சேலையை உதறிக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு இந்த வேடிக்கையெல்லாம் விட்டால் தூக்கம் வராது.

"சார், அவளுக்கு ஒண்ணு தெரியாம இல்ல" என்றாள். "ஒண்ணுக்கு மரியாதை குடுக்கத் தெரியும். சிரிச்சது நாம. வாயை அடைச்சிட்டு இப்ப பேசலன்னு கீழ நிறுத்துறீங்க." தாளாளர் அவளை நன்றாக மதிக்கிறவர்தான். ஆனால் அவருக்கும் அவருடைய கவலை. "ரெஜினாம்மா, நாளைக்கு மேல் கிளாஸ்ல வாயே திறக்கலன்னா யாருக்குப் பதில் சொல்றது? பெத்தவங்க என்னத்தான கேப்பாங்க?" என்றார். "லீவுக்கு முன்னாடி ஒரு நாள் என் கிளாஸுக்கு வாங்க. அவ இடத்துல அவளப் பாருங்க. அப்பவும் வேணாம்னா நான் பேசல" என்றாள். சரி என்றார். அதே வாரம் புன்னங்கொட்டைத் தட்டை இனியாவின் பொறுப்பில் விட்டாள். வாய் திறக்க வேண்டாத வேலை. மணி அடித்ததும் இனியா தட்டைப் பார்ப்பாள், பிறகு பிள்ளைகளைப் பார்ப்பாள், வராதவர்கள் உட்காரும் இடத்தைக் கையால் காட்டுவாள். ஒரு நாளும் தவறவில்லை. "சொல்லு சொல்லுன்னு நச்சரிக்காத. பசிச்சா தானா கேக்கும்" என்பாள் ரெஜினா.

கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். "அடுத்த வாரம் சார் வர்றாரு. நீ அன்னிக்கு உள்ள எட்டிப் பாக்காத. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே எண்ணு மறந்துரும்" என்றாள். "போடி" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு 'போடி' என்பதுதான். இதை நினைத்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் இரண்டு வகுப்பையும் நானே பார்த்தேன். தடுப்பை நகர்த்தி ஓரமாக வைத்தோம். தட்டும் கொட்டையும் பூட்டிய அலமாரிக்குள்ளேயே இருந்தன. பூட்டை உடைத்துவிடலாமா என்று ஆயா கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. ரெஜினாவின் பிள்ளைகள் வாசலில் ஸ்டூல் இருந்த இடத்தில் வந்து நிற்கும், கையை என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்க்கும். இனியாவுக்கு வேலை இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சார் வருகிற நாள் நெருங்குகிறது, இந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை, ரெஜினா எந்த நம்பிக்கையில் சவால் விட்டாள் என்று எனக்குத் தெரியாது. இடைவேளையில் மிட்டாயைக் காட்டி, "ஒண்ணு சொல்லு கண்ணு, ஒண்ணு மட்டும்" என்று கெஞ்சினேன். உதடு இன்னும் இறுகியது. கெஞ்சக் கெஞ்ச அவள் தள்ளிப் போவது தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. ரெஜினா பார்த்திருந்தால் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

தாளாளர் வருவதாகச் சொன்ன அன்று காலை ஆரோக்கியம் அண்ணன் சைக்கிளில் வந்தார். கைப்பையை அன்றுதான் திறந்திருக்கிறார். சாவியை என் கையில் வைத்து, "இதுக்காகத்தான் டீச்சர் அன்னிக்கு நீங்க திட்டுனீங்க" என்றார். சிரிக்கத்தான் முயன்றார், முடியவில்லை. நான் அலமாரியைத் திறந்தேன். தாம்பாளம், பானை, கொட்டை டப்பா. பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவசர அவசரமாக எல்.கே.ஜி. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயருக்கு ஒன்றாக எண்ணித் தட்டில் வைத்து, ஸ்டூலைப் போட்டேன். தட்டைக் கண்டதும் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பானையில் போட்டன. ஜன்னலை விட்டுவிட்டு இனியா தன் இடத்தில் வந்து நின்றுகொண்டாள்.

தாளாளர் உள்ளே வந்தார். செல்வி வாசலுக்கு வெளியே நின்றார், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. மணி அடித்தது. அன்றைக்கு ஒரு பிள்ளைகூட லீவு இல்லை, எல்லாரும் வந்திருந்தார்கள். தட்டு காலி. மிச்சம் இருந்தாலாவது அந்தப் பிள்ளை கையைக் காட்டும், அவர் பார்ப்பார். ஒன்றும் இல்லாத தட்டை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது?

இனியா தட்டைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி ஸ்டூலில் பார்த்தாள், கீழே குனிந்து தரையில் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"பத்தல மிஸ்."

அவள் பேசியதே எனக்கு உறைக்கவில்லை. "பத்துச்சும்மா, எல்லாரும் போட்டாச்சே" என்றேன், பதற்றத்தில்.

தாளாளர் குனிந்தார். "தட்டு காலியா இருக்கு பாப்பா. அப்படின்னா எல்லாரும் வந்துட்டாங்க. சரிதான?"

இனியா தலையை ஆட்டி மறுத்தாள். "எல்லாரும் வரல. ரெஜினா மிஸ் வரல. அவங்க கொட்ட தட்டுல கெடக்கணும்."

ஆயா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பதிவேட்டைப் பார்த்து எண்ணி வைத்திருந்தேன். பிள்ளைகளின் பெயர்தான் அதில் இருக்கும், அவள் பெயர் இருக்காது. எத்தனை காலம் அந்தத் தட்டைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அவள் செத்த துக்கத்தில் உட்காராமல் அலைந்துகொண்டிருந்த எனக்கு, அவளுக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தாளாளர்தான் போய் டப்பாவைத் திறந்து ஒரு புன்னங்கொட்டையை எடுத்தார். தட்டில் வைத்தார். அது கொஞ்ச தூரம் உருண்டு விளிம்பில் மோதி நின்றது. இனியாவிடம் கேட்டார்: "இப்ப எத்தன இருக்கு பாப்பா?"

இனியா விரலால் அதைத் தொட்டாள்.

"லாபம்" என்றாள்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "சரியா சொன்னம்மா" என்றார். பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், "ரெண்டு பேரும் ஒண்ணாவே மேல போகட்டும். அந்தம்மாவ உள்ள வரச் சொல்லுங்க" என்றார். செல்வி உள்ளே வந்ததும் நான் அழுதுவிட்டேன். ரெஜினா போனதிலிருந்து நான் அழுதது அப்போதுதான். உட்கார்ந்து அழுதேன்.

அவளுடைய பெருமைகளைப் பேச இங்கே பலர் இருக்கிறீர்கள். எனக்கு வேண்டியதை நான் ஆரோக்கியம் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தாம்பாளம் இப்போது என்னிடம் இருக்கிறது. அலமாரிச் சாவியையும் நான் என் கைப்பையில் போட்டு வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறேன், யார் திட்டினாலும் சரி. ஜூன் மாதம் யாழினியும் இனியாவும் என் வகுப்புக்கு வருவார்கள். வாசலில் ஸ்டூலைப் போட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வைத்துவிட்டு, எனக்கொன்று வைப்பேன். அதற்கு மேல் இன்னும் ஒன்று வைப்பேன். ஒரு பிள்ளைகூட விடாமல் எல்லாரும் வந்து, நானும் போட்டுவிட்ட நாளிலும் அந்தத் தட்டு காலியாக இருக்காது. யார் வரவில்லை என்று யாராவது கேட்டால், இனியா சொல்லுவாள்.